ஏழு தரம் மௌத்தானவர்

எங்கள் ஊரில் ஏழு தரம் மௌத்தாகி, அதாவது இறந்து, ஏழு தரமும் தன் ஜனாஸா அடக்க அறிவித்தலைத் தானே வாசித்துப் பிழை திருத்தியவர் டெஸ்ட் காக்கா ஒருவர்தான். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடற்கரையைச் சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி இன்னொருவரைக் காட்ட முடியாது. பந்தயம் கட்டத் தயாராக இருந்தேன். மார்க்கத்தில் பந்தயம் ஆகாது என்பதால் நீங்கள் தப்பினீர்கள்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரன். இவர் என்னைவிட மூன்று வயது இளையவர். ஊரே காக்கா என்றதால் நானும் காக்கா என்றேன். உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய நிக்காஹ் பதிவிலும், பள்ளிவாசல் குடும்பப் பதிவிலும், இனி நான் சொல்லப்போகும் அந்தப் பாழாய்ப்போன கோப்பிலும் மட்டும்தான் முழுதாக இருக்கிறது.

எதையும் சோதித்துப் பார்க்காமல் அவர் நம்பமாட்டார். டெஸ்ட் என்ற பட்டம் அப்படி வந்தது. நிந்தவூரில் நின்று பஸ்ஸை மறிப்பார். "கல்முனைக்குப் போகுமா?" என்பார். "ஓம், ஏறுங்க," என்பான் கொண்டக்டர். ஒரு காலை மிதிபலகையில் வைத்துக்கொண்டு, "அக்கரைப்பற்றுக்குப் போகுமா?" என்று நேர் எதிர்த் திசையைக் கேட்பார். கொண்டக்டர் அவசரத்தில் அதற்கும் ஓம் என்றால் காலை எடுத்துவிடுவார். "எல்லாத்துக்கும் ஓம் எண்டு செல்றவன்ட ஓம நம்பி ஏறலாமா?" என்று என்னிடம் கேட்பார். நான் வெயிலில் நின்றுகொண்டு, போகும் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்ப்பேன்.

அவருடைய கலியாணத்தன்று எல்லோரும் துஆவுக்குக் கை ஏந்திய நேரம், மாப்பிள்ளை மட்டும் பதிவுப் புத்தகத்தைத் திருப்பி மாமனாரிடம் நீட்டினார். "மாமா, ஒரிக்கா வாசிங்க." மாமனார் வாசித்தார். பக்கம் மாறிப் போய், முந்தின கிழமை கலியாணம் முடித்த ஒருவரின் பெயருக்குக் கீழே மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருந்தார்! எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டி வந்தது. "இவர் மட்டும் அண்டைக்கு வாயப் பொத்திட்டு இரிந்திருந்தா, எனக்கு வேற நல்ல மாப்பிள்ள கிடைச்சிருப்பான்," என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வார்.

பிரதான வீதியில் எனக்கு ஒரு கணினி வேலைக் கடை இருந்தது. இரண்டு மேசை, ஒரு காற்றாடி, நான், அவர். நான் புரோகிராம் எழுதுவேன், அவர் நம்பமாட்டார். எங்கள் வேலைப் பிரிவினை அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போதுதான் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து ஒரு வேலை வந்தது. எங்களில் காலையில் ஒருவர் மௌத்தானால் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையித்தை, இறந்தவரின் உடலை, வைத்துக்கொண்டு நாள் கணக்கில் காத்திருக்கும் வழக்கம் இல்லை. ஒலிபெருக்கியில் சொல்வது ஊருக்குள் கேட்கும். வயலில் நிற்பவனுக்கும் வெளியூரில் இருப்பவனுக்கும் கேட்காது. கேள்விப்படப் பிந்தியவன் முகமும் பார்க்கமாட்டான், ஒரு பிடி மண்ணும் போடமாட்டான். ஆகவே பள்ளிவாசல் முற்றத்தில் சிவப்பு எழுத்து ஓடும் பலகை ஒன்று வைத்து, அதே அறிவித்தலைப் பதிவு செய்தவர்களின் போனுக்கும் அனுப்பித் தரவேண்டும் என்றார் பெரிய மரைக்கார். அவர்தான் நிர்வாகத் தலைவர்.

நான் சுலபமாகச் செய்தேன். மோதினார், அதாவது பாங்கு சொல்பவர், கணினியில் பெயரைத் தெரிவு செய்து பொத்தானை அழுத்துவார். ஒரு புரோகிராம் அந்த அறிவித்தலை ஒரு கோப்பின் அடியில் ஒரு வரியாக எழுதும். இன்னொரு புரோகிராம் அந்தக் கோப்பைப் பார்த்துக்கொண்டே இருந்து, புது வரி வந்ததும் பலகைக்கும் போனுக்கும் அனுப்பும். பிழையான பெயர் வந்துவிடக் கூடாதென்று கொஞ்சம் கெட்டித்தனமும் செய்தேன். பள்ளிவாசலின் குடும்பப் பதிவில் உயிரோடு இருப்பவர்களின் பெயரை மட்டுமே அது ஏற்கும். வாய்க்கு வந்த பெயரை எழுத முடியாது.

கெட்டித்தனம் கழுத்தைப் பிடித்தது. புரோகிராம் வேலை செய்கிறதா என்று பார்க்க, உயிரோடு இருக்கும் ஒருவரை மௌத்தாக்க வேண்டுமே! மோதினார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உசிரோட இரிக்கிற மனிசன மௌத்தெண்டு எழுதுறதா? கை வெளங்காமப் போயிரும்."

எனக்கும் கை வரவில்லை. டெஸ்ட் காக்கா அந்த நேரம் ஊரில் இல்லை. மனைவியின் சீதனக் காணியில் வேளாண்மை வெட்டு என்று மாவடிப்பள்ளி வயல் வாடிக் குடிசையில் போய்க் கிடந்தார். நான் என்ன செய்தேன்? பள்ளிவாசலின் பழைய மௌத்துப் பதிவிலிருந்து நானூறு பெயரை அப்படியே அள்ளிக் கோப்புக்குள் ஒரே மூச்சில் ஒட்டினேன். போன் இணைப்பு அப்போது இல்லை. நானூறு பேரும் பலகையில் அழகாக ஓடினார்கள். வேலை முடிந்தது என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

கணினியை வைத்த அறையைப் பற்றியும் சொல்லவேண்டும். பள்ளிவாசலில் வேறு இடம் இல்லை என்று சந்தூக்கு வைக்கும் அறையில் வைத்தார்கள். மையித்தைச் சுமந்து போகும் பெட்டிதான் சந்தூக்கு. அது சுவரோடு இருக்கும். அதற்கு நேரே கணினி. சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதம் அது. பகல் வெயிலில் வீதியில் ஒரு குஞ்சு நடமாடாது. அந்த அறையில் மட்டும் ஒரு குளிர் இருந்தது. காற்றாடி இல்லாத அறை. எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முதலில் மௌத்தானவர் பேக்கரிக்காரர். ஒரு திங்கட்கிழமை. மோதினார் பெயரைத் தெரிவு செய்து அழுத்தினார். பலகை இருண்டு கிடந்தது. மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மின்னி மின்னி அணைந்தது. ஒலிபெருக்கியில் சொன்னதால் ஊர் கூடிவிட்டது, அடக்கமும் முடிந்தது.

வியாழக்கிழமை காலை தையல்காரர் மௌத்தானார். மோதினார் அவர் பெயரை அழுத்திய அதே நொடியில் பலகை விழித்துக்கொண்டது. பேக்கரிக்காரர் வபாத்தானார், ஜனாஸா இன்று அஸருக்குப் பிறகு என்று சிவப்பில் ஓடியது. போன்களுக்கும் போனது. வெளியூர்ச் சனம் வேனில் வந்து பேக்கரிக்காரர் வீட்டு வாசலில் இறங்கியது. வெள்ளை உடுத்து, வெளியே வராமல் இத்தா என்னும் துக்க காலத்தில் இருந்த மனைவி கதவு இடுக்கால் கேட்டா:

"மூணு நாளைக்கு முன்னுக்கு அடக்கின மனிசன், திரும்பவும் மௌத்தாகிட்டாரா?"

தையல்காரரின் பெயர் வரவில்லை. அடுத்த கிழமை ஒரு மீன் வியாபாரி மௌத்தானார். அப்போதுதான் தையல்காரர் வெளியே வந்தார். மீன் வியாபாரி உள்ளே நின்றார்.

இதற்குப் பிறகு ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "பலகை ஆள் கேக்குது," என்றார்கள். ஒரு மையித்தை வெளியே விட அதற்கு இன்னொரு மையித்து வேண்டும். பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீதியால் சுற்றிப் போனார்கள். தொழ வந்தவர்கள் பலகைக்கு முதுகு காட்டிச் செருப்பைக் கழற்றினார்கள். மீன் வியாபாரியின் வீட்டார், அயலில் படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரின் சுகத்தை நாளுக்கு இரண்டு தரம் போய் விசாரித்தார்கள். அந்தப் பெரியவர் பயத்திலேயே எழுந்து நடமாடத் தொடங்கினார்.

நான் என்னென்னவோ பார்த்தேன். கோப்பு வேறு இடத்தில் எழுதப்படுகிறதா? இல்லை. எழுத அனுமதி இல்லையா? இருக்கிறது. எழுதி முடிந்ததும் கோப்பை மூடுகிறேனா? மூடுகிறேன். கோப்பைத் திறந்தால் மீன் வியாபாரி கடைசி வரியில் தெளிவாக நிற்கிறார். பலகைக்கு மட்டும் அவர் தெரியவில்லை. பொறுமை போய், அந்த வரியைக் கையாலேயே அழித்துச் சேமித்தேன். செய்யக் கூடாத வேலை அது.

கோப்பு குட்டையானதைக் கண்ட மற்றப் புரோகிராம், இது ஏதோ புதுக் கோப்பு என்று நினைத்து முதல் வரியிலிருந்து தொடங்கியது. பழைய பதிவில் இருந்த நானூறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோருக்கும் ஜனாஸா இன்று அஸருக்குப் பிறகு. எனக்கு நினைவு தெரியாத காலத்து, ஓதிக்கொடுத்த லெவ்வைமார், மீனவர்கள், பிரசவத்தில் போனவர்கள். முற்றத்தில் முதலில் சிரித்தார்கள். பிறகு கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருடத்துப் பெயர்கள் தொடங்கின. ஒரே வீட்டுப் பெயர்கள் ஐந்து, ஆறு, தொடர்ந்து ஓடின. சிரிப்பு நின்றது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் தொடங்கியது, பாங்கு சொல்லும்வரை ஓடியது.

"இனி அந்தக் கோப்புல ஒருத்தரும் கை வைக்கப்படாது," என்றார் பெரிய மரைக்கார். அவர் மனைவியின் பெயரும் அதில் போயிருந்தது.

அன்று பின்னேரம் மாவடிப்பள்ளியிலிருந்து டெஸ்ட் காக்கா வந்து இறங்கினார். வெள்ளை ஜுப்பா, அத்தர் வாசம். போனை என் முன்னால் நீட்டினார்.

"எங்கட வாப்பாக்கு இண்டைக்கு அஸருக்குப் பொறகு அடக்கமாம். மெய்யா எண்டு பாக்க வந்தன்."

அவருடைய வாப்பா கடலோடு போய் எத்தனையோ வருடம். நான் தலையைக் குனிந்தேன். அவர் கோபப்படவில்லை.

"கடல் வந்த அண்டைக்கு ஒரு பட்டியல்ல வாப்பாட பேர் இரிந்திச்சி. காயம் எண்டு போட்டிருந்திச்சி. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ரெண்டு நாள் தேடினன். அது வேற ஆள். எழுதினவன் ஒரிக்காத் திருப்பி வாசிச்சிருந்தா, அந்த ரெண்டு நாளும் நான் வாப்பாட மையித்தத் தேடியிருப்பன்."

பத்து வருடம் ஒரே கடையில் இருந்திருக்கிறோம். அவர் ஏன் இப்படி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, சிரித்திருக்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பாய் இழைக்கும் ஆசியா உம்மா மௌத்தானா. மோதினார் பெயரை அழுத்தினார். பலகையில் புள்ளி மட்டும் மின்னியது. ஆசியா உம்மாவின் மகள் நேரே சந்தூக்கு அறைக்கு வந்து நின்றா. அவவுக்கும், சாகாமத்தில் வயல் செய்யும் அவ சொந்தக் காக்காவுக்கும் பல வருடமாகக் கதை இல்லை. காணிச் சண்டை. உம்மா மட்டும் இடையில் இருந்தா.

"காக்காக்கு அறிவிக்கணும்," என்றா.

"அவர்ர போன் நம்பரத் தாங்க."

"என்னட்ட இல்ல. இரிந்தாலும் நான் கதைக்க மாட்டன். பலகையில பேர் குடுத்து வெச்சிருக்காராம். பலகை செல்லட்டும்." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா.

பதிவு செய்தவர்களின் எண்கள் செய்தி அனுப்பும் கம்பனியின் பக்கம் இருந்தன. எங்களுக்குத் தெரியாது. சாகாமக் குளத்துக்குக் கீழே எந்த வயல் வட்டையில் அவர் அறுவடை செய்கிறார் என்பதும் யாருக்கும் தெரியாது. கோப்பில் கை வைக்கவும் தடை. கடைசி வரியில் ஆசியா உம்மா அப்படியே நின்றா. அஸருக்கு ஐந்து மணித்தியாலம்.

"இன்னொரு பேர் போட்டா இவ வெளிய வந்திருவா," என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு அடி பின்னுக்கு வைத்தார்கள். ஒருவர் சந்தூக்கில் முட்டிக்கொண்டு, சுட்டது போல் விலகினார்.

"என்ட பேரப் போட்டிராதீங்க," என்றார் மோதினார். "எனக்குக் கரை சேக்க மூணு குமர் இரிக்கி."

நான் வீரமாக என் பெயரைத் தேடினேன். கண்டுபிடித்தேன். பொத்தானுக்கு மேல் விரலை வைத்தேன். விரல் இறங்கவில்லை. இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இறங்கவில்லை.

"எழும்புங்க," என்றார் டெஸ்ட் காக்கா. கதிரையைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"காக்கா, விளையாடாதீங்க."

"நான் ஏன் விளையாடுறன்? ஆசியா உம்மாவத் தள்ளுறத்துக்கு உசிரோட உள்ள ஆளொண்டு வேணும். நான் உசிரோடதான் இரிக்கன்?" இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கொஞ்ச நேரம் எடுத்தது. "ஓம். இரிக்கன்."

அழுத்தினார்.

முற்றத்தில் பலகை பற்றிக்கொண்டது. ஆசியா உம்மா ஓடினா. எல்லோருடைய மடியிலும் பையிலும் போன்கள் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. மகள் சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதா.

பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. சாரனில் வைக்கோல், முழங்கால் வரை சேறு. வாசலில் நின்ற தங்கச்சி விலகி வழி விட்டா. பிறகு உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து காக்காவின் காலுக்கு ஊற்றினா. உம்மாவைக் கபுறுக்குள் இறக்கியது அவர் கைதான்.

அடக்கம் முடிந்ததும் அந்த மனிதர் எங்களைத் தேடி வந்தார். நடந்ததை யாரோ சொல்லியிருக்கவேண்டும். டெஸ்ட் காக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இனி இந்தப் பலகையில ஒரு பேர் வந்தா நான் கேள்வி கேக்கமாட்டன். வருவன்."

எல்லாம் நல்லது. ஆனால் இப்போது டெஸ்ட் காக்கா கோப்புக்குள் இருந்தார்.

கடைசி வரியில், மௌத்தானவராக, அடுத்த மையித்துக்காகக் காத்துக்கொண்டு. ஊர் அவரைப் பார்த்த விதமே மாறிவிட்டது. அவர் இருமினால் எல்லோரும் திரும்பினார்கள். தேநீர்க் கடையில் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எங்கள் ஊரில் அன்று ஒருவரும் மௌத்தாகத் துணியவில்லை. குளத்துக்குக் குளிக்கப் போகிறவர்களை வீட்டில் மறித்தார்கள், மோட்டார் சைக்கிள்கள் மாட்டுவண்டி வேகத்தில் போயின. அவர் மட்டும் என்னிடம் கேட்டார்:

"உள்ள எப்பிடி இரிக்கும் எண்டு நினைக்கீங்க? இருட்டா இரிக்குமா?"



மறுநாள் காலை, பார்ப்பதற்கு மட்டும் என்று பெரிய மரைக்காரிடம் அனுமதி வாங்கிக் கோப்பைத் திறந்தோம். நான் என் புரோகிராமை விளக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கர்சரைத் தன் பெயரின் முடிவில் வைத்தார். கீழ் அம்பை அழுத்தினார். கர்சர் அசையவில்லை. மறுபடி அழுத்தினார்.

"கீழ இறங்குதில்ல," என்றார். "எனக்குக் கீழ ஒண்டுமே இல்ல. ஒங்கட வரி இன்னும் முடியல்ல."

எனக்கு மண்டையில் குட்டியது போல் இருந்தது. ஒவ்வொரு பெயரையும் எழுதுவதற்கு முன்னால் நான் புது வரி தொடங்கினேன். எழுதிய பிறகு வரியை முடிக்கவில்லை. படிக்கும் புரோகிராமோ முடிந்த வரியை மட்டும்தான் எடுத்துப்போகும். அடுத்த மையித்து வந்து புது வரி தொடங்கும்போதுதான் முந்தினவரின் வரி முடியும். பழைய பெயர்களை மொத்தமாக ஒட்டியபோது எல்லா வரியும் முடிந்தே இருந்தன. பலகை ஆள் கேட்கவில்லை. என்னிடம் ஒரு என்டரைக் கேட்டிருந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு உயிருள்ள பெயரை எழுதிப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

பெரிய மரைக்காரிடம் சொல்லி, புரோகிராமையும் திருத்தி, அவர் வரிக்கும் ஒரு என்டர் தட்டினோம். திருத்தியதும் டெஸ்ட் காக்கா வபாத்தானார் என்று ஊரெல்லாம் போனது. இரண்டு நிமிடத்தில் அவர் போன் அடித்தது. மனைவி.

"நீங்க மௌத்தாமே?"

"ஓம், சோதினைக்கி."

"அப்ப பகல் சோத்துக்கு வாறீங்களா, இல்லையா?"

ஒரு தரம் போதாதென்றார். போன் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பார்ப்போம் என்றேன். "அனுப்பாமப் பாத்தா அது சோதினையா?" என்று என்னை ஏசினார். இன்னும் ஆறு தரம் மௌத்தானார். மௌத்தானவர் குடும்பப் பதிவிலிருந்து நீங்கிவிடுவார். மறுபடி சேர்க்கப் பெரிய மரைக்காரின் கையெழுத்து வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கடைசியில், "மனே, இண்டைக்கு இதோட போதும். எனக்கு நெஞ்சு படபடக்குது," என்றார். ஒவ்வொரு தரமும் டெஸ்ட் காக்கா முற்றத்துக்குப் போய்ப் பலகைக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்தார். மூன்றாந்தரம் வீதியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை பிடித்தார். ஐந்தாந்தரம், "'அன்புக் கணவரும்' எண்டு கிடக்கு. அவட்டக் கேட்டுட்டா போட்டீங்க?" என்றார்.

இதற்குள் மையவாடியில் கபுறு வெட்டுபவர் வேலையைத் தொடங்கியிருந்தார். ஏழு அறிவித்தல் வந்தால் பாவம் அவர் என்ன செய்வார்? நாங்கள் ஓடிப்போனபோது குழி தயார். வெட்டிய குழியைச் சும்மா விடப்படாது என்று அந்த மனிதர் முனகிக்கொண்டு நின்றார். டெஸ்ட் காக்கா செருப்பைக் கழற்றினார். நான் மறிப்பதற்குள் உள்ளே இறங்கி, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். கண்ணை மூடினார். வெயில் கொளுத்திய அந்தப் பகலில் காற்று சட்டென்று நின்றுபோனது போல் இருந்தது. குழிக்கு மேலிருந்து கொஞ்சம் மணல் தானாக வழிந்து அவர் தோளில் விழுந்தது. ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். எனக்கு அது முடிவதாகத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தார். "கால்மாட்டுல நாலு விரல் நீளம் காணா," என்றார். "அடுத்த தரம் பாத்து வெட்டுங்க."

அதற்குப் பிறகு பலகை ஒரு நாளும் பிழைவிடவில்லை. ஒருவர் மௌத்தானால் அந்த நொடியே சொன்னது. ஊர் பழையபடி அந்த வீதியால் நடந்தது.

சென்ற நோன்புப் பெருநாளுக்குச் சில நாள் கழித்து, ஒரு காலையில் டெஸ்ட் காக்கா கடைக்கு வந்தார். கதிரையை ஆட்டிப் பார்த்தார், உட்கார்ந்தார். நெஞ்சு நோகிறது என்றார். நான் பதறி எழுந்தேன். "பொறுங்க," என்று கையைக் காட்டினார். "மெய்யா எண்டு பாப்பம்." மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலும் அந்தக் கை மணிக்கட்டை விடவில்லை.

அறிவித்தலை நான்தான் எழுதினேன். மோதினார் அழுதுகொண்டிருந்தார். பெயரைத் தெரிவு செய்தேன். இந்தத் தரம் விரல் இறங்கியது. பலகை ஓடியது, போன்களுக்குப் போனது.

ஒருவரும் வரவில்லை. என் போனுக்குத்தான் பதில்கள் வந்தன. "எட்டாவதா காக்கா?" என்று ஒருவர். சிரிக்கும் முகங்களை வரிசையாக அனுப்பியிருந்தார் இன்னொருவர். ஒலிபெருக்கியில் சொன்னோம், அதையும் சோதினை என்றார்கள். நான் வீதி வீதியாகப் போனேன். படலையைத் தட்டி, "மெய்தான், அல்லாவுக்காக வாங்க," என்றேன். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சனம் சட்டை மாற்றியது.

லுஹருக்குப் பிறகு மையித்து வீட்டுக்குத் திரும்பினேன். முற்றத்தில் போட்டிருந்த கதிரைகள் அவ்வளவும் வெறுமை. ஒன்றில் மட்டும் ஒருவர் இருந்தார். சாரனில் சேறு. சாகாமத்து மனிதர். எல்லோருக்கும் முதல் வந்திருந்தார்.

"பலகை சென்னிச்சி," என்றார். "வந்தன்."

அஸருக்கு ஊர் முழுவதும் வந்துவிட்டது. கபுறு வெட்டுபவர் இந்தத் தரம் கால்மாட்டில் நாலு விரல் கூட்டி வெட்டியிருந்தார்.

எல்லாம் முடிந்து, அந்தி மஃரிபுக்கு முன் சந்தூக்கு அறைக்குப் போனேன். கோப்பைத் திறந்தேன். கர்சரை அவர் பெயரின் முடிவில் வைத்துக் கீழ் அம்பை அழுத்தினேன். இறங்கியது. வரி முடிந்திருந்தது. பிறகு, எழுதினால் ஒருவர் வாசிக்கவேண்டுமே என்று, அறிவித்தலை முதலிலிருந்து சத்தமாக வாசித்தேன். பெயர், வீதி, அன்புக் கணவரும். இரண்டாம் தரமும் வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஒரேயொரு பிழையாவது இருந்திருக்கலாம்.